ஆத்தும விசாரி: கிறிஸ்தவக் கம்பர் கிருஷ்ண பிள்ளை

பிறந்த மண்ணை விட்டு வந்து அயல்மொழி வழங்கும் நகரில் குடியேறி வாழும் நமக்கு ஒரு குறை உண்டு. நமக்கு முன்னர் இந்நகரில் வாழ்ந்த தமிழ்ப் பெருமக்கள் யாவர், அவர்கள் இங்கிருந்து ஆற்றிய பணிகள் யாவை என்பவற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுவார் இல்லை. நாள்தோறும் பாளையம் வழியே அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் கடைத்தெருவிற்கும் சென்று வருகின்றோம். பழைமை வாய்ந்த யூனிவர்ஸிட்டி கல்லூரியின் வாயிலைக் கடக்கின்றோம். அக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், தமிழில் ஒரு பெருங்காப்பியத்தை இயற்றியவர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அப்பெரியாரே எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள். கிறிஸ்தவக் கம்பர் என்று அறிஞர் உலகம் அவரைப் போற்றும்.

அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்ததற்கு, புலமையைப் பாராட்டுவது மட்டும் நோக்கமன்று. குடும்பப் பொறுப்பும் வேலைச் சுமையும் உடைய ஒருவர், தம் உள்ளத்தை நாள்தோறும் இறைவன்பால் ஊன்றி வைப்பது இயலுமோ என்னும் வினா நம் இல்லங்கள் பலவற்றில் எழுவது. அவ்வினாவிற்கு விடையாக ஒரு முழு வாழ்வே நம் கண்முன் நிற்கின்றது. ஆதலின் அதனைச் சொல்லத் துணிந்தோம்.

பிறப்பும் வளர்ப்பும்

கிருஷ்ண பிள்ளையவர்கள் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வேளாளர் மரபு, வைணவ நெறியில் ஊறிய குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆதலின் மகனுடைய செவியில் இளமையிலேயே கம்பனின் சந்தம் புகுந்தது. ஆழ்வார்களின் பாசுரங்களும் அவ்வாறே அவர் நெஞ்சில் பதிந்தன. திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் முறையாகத் தமிழ் பயின்று இலக்கண இலக்கியங்களில் துறைபோகியவரானார்.

வைணவ இல்லங்களில் நித்தியானுசந்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஆழ்வார்களின் அருளிச்செயல்களுள் குறிப்பிட்ட பகுதிகளை நாள் தவறாது ஓதுவது அது. அனுசந்தானம் என்னும் சொல் வெறும் ஓதுதலைக் குறிப்பதன்று. ஓதும் பொருளில் உள்ளத்தை இடைவிடாது பொருத்துவதைக் குறிப்பது. நாவு ஓத, மனம் எங்கோ திரியுமாயின் அஃது அனுசந்தானம் ஆகாது. பிற்காலத்தில் பிள்ளையவர்கள் வேறொரு சமய நெறியிற் புகுந்த போதும், இளமையிற் கண்ட இப்பழக்கத்தின் சாரத்தைக் கைவிடவில்லை என்பதே அவருடைய நூல்களைப் பயிலும் நமக்குப் புலனாகின்றது.

நெறி மாறிய காலம்

1853ஆம் ஆண்டில் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டுப் புகழ் பெற்ற கால்டுவெல் அவர்களே அவரை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தார். பள்ளி கிறிஸ்தவப் பள்ளியாயினும் ஆசிரியர் வைணவராகவே இருந்தார். தம் சமயத்தில் அழுத்தமான பற்றுடையவராதலின், கிறிஸ்தவ சமயத்தின்பால் அவருக்குத் தொடக்கத்தில் விருப்பம் உண்டாகவில்லை. சுற்றத்தாரும் நண்பரும் ஒருவர் பின் ஒருவராக அந்நெறியைத் தழுவியபோது அவர் உள்ளம் வருந்திற்று.

ஆயினும், மறுப்பதற்கேனும் ஒன்றைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும் அன்றோ? நண்பர் தந்த நூல்களை அவர் அவ்வாறே படித்தார். அவற்றுள் ஒன்று ஜான் பனியன் எழுதிய மோட்ச யாத்திரைக் கதை. பனியன் இங்கிலாந்தில் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த ஏழைத் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயப் பிரசங்கம் செய்தார் என்னும் குற்றத்திற்காக 1660ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கிடந்தவர். 1678இல் அச்சான அவருடைய கதை உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளது. முதுகில் பாவச்சுமையைத் தாங்கிய ஒருவன், அழிவுக்குரிய தன் நகரை விட்டுப் புறப்பட்டு, இடர்கள் பலவற்றைக் கடந்து மோட்ச நகரை அடைவதே அக்கதை. தமிழாசிரியரின் உள்ளத்தில் அக்கதை ஆழமாகத் தைத்தது. தன் சுமை எங்கே இறங்கும் என்னும் வினா அவருக்குச் சொந்த வினாவாயிற்று.

பின்னர் அவர் சென்னைக்குச் சென்றார். அங்கே பெர்சிவல் ஐயர் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையில் துணையாசிரியராகப் பணியாற்றினார். 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், மயிலாப்பூர்ப் பரிசுத்த தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். முப்பத்தொரு வயது நிறைவதற்கு அன்று ஐந்து நாட்களே இருந்தன.

இன்று நாம் இதனை ஒரு வரியில் எழுதிவிடுகின்றோம். அக்காலத்தில் ஒரு வேளாளக் குடும்பத்து மூத்தோர்க்கு அஃது எத்தகைய துயரமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பந்தியில் உடனமர்ந்து உண்ணும் உரிமை, சுற்றத்தார் வீட்டு நன்மை தீமைகளில் இடம், ஊரில் இருந்த மதிப்பு ஆகிய அனைத்தையும் பணயம் வைத்துச் செய்த செயல் அது. மனைவியாரும் மக்களும் அதே நெறியில் வந்து சேர்ந்தது பின்னரே. இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற ஒன்றை ஒருவர் வாரத்திற்கு ஒருநாள் மட்டும் நினைத்து ஏனைய ஆறு நாட்களும் மறந்திருக்க முடியாது. அவருடைய பிற்கால வாழ்வின் இயல்பை அறிதற்கு இதுவே திறவுகோல்.

பாடலும் பக்தியும்

திருமுழுக்குப் பெற்ற பின்னரும் அவர் தமிழாசிரியராகவே இருந்தார். சாயர்புரத்திலும், பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் கற்பித்தார். பெரும்பதவி வகித்தவரல்லர், பாடம் சொல்லி, ஏடு திருத்தி, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர். நம்மைப் போன்றவர் என்றே சொல்லலாம். அவ்வாழ்வினூடேதான் இரட்சணிய யாத்திரிகம் பிறந்தது.

பனியன் உரைநடையில் எழுதிய கதையைப் பிள்ளையவர்கள் தமிழ்க் காப்பியமாகப் பாடினார். மொழிபெயர்ப்பு என்று அதனைச் சொல்லுவது பொருந்தாது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக வகுத்து, நாட்டுவளமும் நகர்வளமும் தமிழ் மரபுப்படி அமைத்து, இயேசுபெருமானின் பாடுகளைப் பனியன் பாடாத விரிவுடன் குமார பருவத்தில் அமைத்தார். கதைத் தலைவனுக்கு அவர் முதலில் இட்ட பெயர் ஆத்தும விசாரி என்பது. தன் ஆன்மாவின் நிலையைக் குறித்து ஓயாது விசாரிக்கின்றவன் என்று பொருள். இப்பெயர் பாடியவருக்கே பொருந்துவது என்று நமக்குத் தோன்றுகின்றது.

இக்காப்பியம் 1878ஆம் ஆண்டு தொடங்கிப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. நூலில் 3,700க்கு மேற்பட்ட செய்யுட்கள் உள்ளன. கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 285 செய்யுள். மாதமொன்றுக்கு 24 செய்யுள். நாளொன்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இக்கணக்கினைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். பெருங்காப்பியம் பாடுவோர் ஏதோ ஒரு பேராவேசத்தில் மழை பொழிவது போலப் பாடிவிடுவர் என்று எண்ணுகின்றோம். ஈண்டு நாம் காண்பது அதுவன்று. இன்று ஒரு விருத்தம், நாளை மறுநாள் இன்னொன்று. நான்கு அடியும் ஒரே அளவில் நிற்க வேண்டும்; எதுகை அமைய வேண்டும்; பொருளும் பிறழக் கூடாது. அதற்கு மனத்தை ஒருமுகப்படுத்தாமல் முடியாது. சிறிது சிறிதாக, ஆனால் விடாது, மீண்டும் மீண்டும் அதே பொருளிடம் திரும்பி வருதலே பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. மூதாதையர் நித்தியானுசந்தானம் என்று சொன்னதனை இம்முதிய ஆசிரியர் வேறோர் உருவில் செய்து வந்தார்.

திருவனந்தபுரத்தில்

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுள் நான்கு நம் நகருக்கு உரியவை. 1886 முதல் 1890 வரை பிள்ளையவர்கள் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இன்றைய யூனிவர்ஸிட்டி கல்லூரியே அது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் 1834இல் இலவசப் பள்ளியாகத் தோன்றி, 1866இல் கல்லூரியாக உயர்ந்தது. பிள்ளையவர்கள் வந்தபோது ஸ்ரீ மூலந் திருநாள் மகாராஜா அரசுகட்டில் ஏறி ஓராண்டே ஆகியிருந்தது.

இங்கு வருகையில் அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. நம்மவர் ஓய்வூதியத்தை எதிர்நோக்கிச் சொந்த ஊருக்குத் திரும்பும் வயதில் அவர் பெட்டி படுக்கையுடன் அயல்நாடு புறப்பட்டார். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 1876இலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. ஆனால் திருவனந்தபுரம் ரயிலைக் கண்டது 1918ஆம் ஆண்டில்தான். அக்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து இங்கு வருவோர்க்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவில் வழியே நெடுந்தூரம் வண்டிப் பயணம் உண்டு. யாத்திரையைப் பாடிக்கொண்டிருந்தவரே யாத்திரை செய்தார்.

அதே கல்லூரியில் அதே ஆண்டுகளில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையவர்கள். அவருடைய நாடகக் காப்பியம் 1891இல் வெளிவந்தது. அதன் தமிழ்த்தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த பகுதியைத்தான் தமிழ்நாட்டரசு 1970ஆம் ஆண்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. சைவ நெறியினர் ஒருவர்; கிறிஸ்தவ நெறியினர் ஒருவர். மலையாளம் வழங்கும் தலைநகரின் ஒரே கல்லூரியில் இருந்துகொண்டு இருவரும் தமிழுக்கு இரு பெருநூல்களை அளித்தனர் என்பது இந்நகரத் தமிழராகிய நமக்குப் பெருமை தருவது. பாளையத்தில் இன்று கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும் அருகருகே நிற்பதைக் காணுந்தோறும் இவ்விருவரையும் நினைத்துக்கொள்கின்றோம்.

கருத்தூன்றுதல் யாது?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். இறைவனைப் பற்றிப் பாடுவதும் இறைவனைக் கருதுவதும் ஒன்றாகுமா? பாட்டின் அழகில் மயங்கிப் பாட்டுடைத் தலைவனை மறந்தோர் இலரா? உளர். கோயில் மணியை அடிப்பவரும் ஆலயத்தில் கீதம் பாடுபவருமே சில வேளைகளில் இறைவனை மறந்துவிடுவதுண்டு. பழக்கம் முற்றினால் பக்தி உறங்கும்.

பனியன் கதையில் இதற்கு ஒரு காட்சி உண்டு. யாத்திரிகன் கடுமையான மலையேற்றத்தின் நடுவே, வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென அமைந்த பந்தலில் அமர்கின்றான். அமர்ந்தது குற்றமன்று. ஆனால் அயர்ந்து உறங்கிவிடுகின்றான். மடியில் வைத்திருந்த ஓலைச்சுருள் நழுவி விழுகின்றது. மோட்ச வாயிலில் காட்ட வேண்டிய சுருள் அது. விழித்தெழுந்தவன் அதனை அறியாமலே விரைந்து நடக்கின்றான். வெகுதூரம் சென்ற பிறகே மடியைத் தடவிப் பார்த்துத் திடுக்கிடுகின்றான். அழுதுகொண்டே வந்த வழியே திரும்பிச் சென்று தேடி எடுக்கின்றான். மூன்று முறை நடக்க நேர்ந்தது ஒருமுறை நடக்க வேண்டிய வழி. அவன் சுருளை இழந்தது பகைவரோடு பொருதபோது அன்று, ஓய்ந்திருந்தபோது. நாமும் இறைவனை இழப்பது பெரும்பாலும் இடரிலன்று, இளைப்பாறுதலில்தான்.

இதனைப் பிள்ளையவர்கள் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய இரட்சணிய மனோகரம் சான்று. 1899இல் வெளிவந்த இந்நூல், தனித்தனிப் பக்திப் பாடல்களின் தொகுதி. அதிலுள்ள பதிகங்களுள் ஒன்று கையடைப் பதிகம். மற்றொன்று கடைக்கணிப் பதிகம். கையடை என்பது ஒருவர் கையில் ஒன்றைப் பாதுகாப்பாக ஒப்படைத்தல். கம்பராமாயணத்துப் பாலகாண்டத்தில் தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்று பெயர். இளமையிற் கேட்ட அச்சொல்லை முதுமையில் தம்மையே இறைவன் கையில் ஒப்படைப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். கடைக்கணித்தல் என்பது கடைக்கண்ணால் நோக்கி அருளுதல். தாம் இறைவனை நோக்கும் நோக்கு தளர்ந்துவிடும் என்பதை அறிந்தவரே, இறைவன் தம்மை நோக்க வேண்டும் என்று இரப்பார். இடைவிடாது கருதுவதற்கு முயன்றவர் அம்முயற்சியின் குறைபாட்டையும் அறிந்திருந்தார். முயற்சியும் வேண்டும், முயற்சியின் மேல் நம்பிக்கை வைக்காத பணிவும் வேண்டும். இவ்விரண்டும் கூடியதே அவருடைய பக்தி.

கண்ட பயன்

1890இல் பிள்ளையவர்கள் நம் நகரை விட்டுத் திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பினார். 1894இல் இரட்சணிய யாத்திரிகம் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வாயிலாக நூல்வடிவு பெற்றது. அப்போது ஆசிரியருக்கு வயது அறுபத்தேழு. தாம் கிறிஸ்தவரான வரலாற்றை உரைநடையிலும் எழுதினார். 1898இல் இரட்சணிய சமய நிர்ணயம் வெளிவந்தது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவருடைய யாத்திரை முடிவுற்றது.

ஒருவருடைய தியானம் அவரோடு முடிவதில்லை. இளமையில் பிள்ளையவர்களின் தொடர்பால் உள்ளம் திரும்பியவர்களுள் ஒருவர் வழக்கறிஞர் ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளையவர்கள். முதிய வயதிலும் நாள்தோறும் தியானத்தில் அமர்வதைப் பழகிக்கொண்டவர் அவர். அவருடைய மைந்தரே பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. இந்திய மண்ணின் பக்தி மரபில் நின்று கிறிஸ்துவை அறிவது எங்ஙனம் என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற அப்பேராயர், கிருஷ்ண பிள்ளையவர்களின் வாழ்வையும் நூல்களையும் பற்றி 1966இல் ஆங்கிலத்தில் தனிநூல் வெளியிட்டார். ஓர் ஆசிரியர் தம் அறையிலமர்ந்து கருத்தூன்றியது மூன்றாம் தலைமுறை எழுத்திலும் ஒளிர்ந்தது. அவருடைய பாடல்கள் தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன.

நம் இல்லங்கள்

இனி நம்மைச் சற்றே நோக்குவோம். காலையில் எழுந்தவுடன் கை தேடுவது கைப்பேசியை. பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றி, சோற்றுப்பாத்திரத்தைக் கட்டி, அலுவலகத்திற்கு ஓடி, இருட்டிய பின் வீடு திரும்புகின்றோம். இரவில் செபமோ, விளக்கேற்றித் தொழுவதோ, தொழுகையோ, எந்நெறியினராயினும் அதனை விரைவாக முடித்துத் தொலைக்காட்சியின் முன் அமர்கின்றோம். பிறரைக் குறை கூறவில்லை; எழுதும் நம் இல்லத்து நிலையும் இதுவே. வாய் செபம் சொல்லிக்கொண்டிருக்கையில் நாளைக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணத்தை மனம் எண்ணிக்கொண்டிருந்த இரவுகள் பல. நேரமில்லை என்று நாம் சொல்லும் சாக்கு, மாதம் 24 செய்யுள் பாடிய அந்த ஆசிரியரின் முன் நிற்பதில்லை. அவருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது, அயலூர் வாழ்வின் தனிமை இருந்தது.

அவர் நமக்குக் காட்டுவது மலையளவு முயற்சியன்று. நாள்தோறும் சிறிது நேரம், ஒரே இடத்தில், ஒரே பொருளில், முழு மனத்தோடு நிற்றல். தவறிய நாள் உண்டாயின், யாத்திரிகனைப் போலத் திரும்பிச் சென்று தவறவிட்டதைத் தேடி எடுத்தல். கையில் உள்ள தொழிலையே இறைவனுக்குரிய காணிக்கையாகத் திருத்தமுறச் செய்தல். தமிழ் கற்பித்தவர் தமிழையே காணிக்கை ஆக்கினார். கணக்கெழுதுபவர் கணக்கையும், தாய் தன் அடுக்களையையும் அவ்வாறு ஆக்கலாம்.

அடுத்தமுறை பாளையத்தில் அக்கல்லூரி வாயிலைக் கடக்கும்போது, உடன்வரும் பிள்ளைகளுக்கு அவ்விடத்தைச் சுட்டிக் காட்டுங்கள். இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் தமிழ் கற்பித்தார். ஐம்பத்தொன்பது வயதில் வந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தம் இறைவனைப் பாடிக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். அன்று இரவு வீட்டில் விளக்கருகே அமரும்போது, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கால்மணி நேரம் உள்ளன்போடு அமர்ந்து பாருங்கள். நாமும் அவ்வாறே செய்ய உறுதி பூண்டுள்ளோம்.